காலடியில் நசுங்கிய முட்டை: பெரோவின் ஈஸ்டர் பவனி, ஒரு நிகழ்வு ஆய்வு

படம் சின்னதுதான். அகலம் 89 சென்டிமீட்டர், உயரம் 71.5. சுவரில் மாட்டினால் ஒரு ஜன்னல் அளவு வரும். இன்னொரு ரஷ்ய ஓவியரான ரேப்பின் இருபது வருஷம் கழித்து வரைந்த கூர்ஸ்க் மாகாணத்துப் பவனி 175க்கு 280; அதன் முன்னால் நின்றால் கூட்டமே நம்மேல் வந்து மோதுகிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. கிட்டே போய்க் குனிந்து, கடிதம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு மூலையாகப் பார்க்க வேண்டிய படம். ரஷ்ய ஓவியர் வசீலி பெரோவ் 1861இல் வரைந்தார். அப்போது அவருக்கு 27 வயது. ‘ஈஸ்டர் நாளில் கிராமத்துச் சிலுவைப் பவனி’ என்பது ரஷ்யத் தலைப்புக்கு நெருக்கமான தமிழ். இப்போது மாஸ்கோவில் திரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது ‘குடிகாரப் பாதிரியார் படம்’ என்பதுதான். பொய் இல்லை. பாதிரியார் குடித்திருக்கிறார், கூட வந்தவர்களும் குடித்திருக்கிறார்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் படத்தில் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். அந்த மனிதர் ஏன் குடித்திருக்கிறார், யார் ஊற்றிக் கொடுத்தார்கள், கொடுத்ததை வேண்டாமென்று சொல்லியிருக்க முடியுமா என்று தோண்டிக்கொண்டே போனால், அது ஒருவருடைய சம்பளத்தைப் பற்றிய படமாக மாறிவிடுகிறது. அல்லது சம்பளம் இல்லாததைப் பற்றிய படமாக.

படத்தில் என்ன இருக்கிறது

வலப்பக்கம் ஒரு மரவீடு. அதன் வாசல் திண்ணையிலிருந்து பாதிரியார் இறங்குகிறார். ஒரு கையில் சிலுவை, இன்னொரு கை தூணைப் பற்றியிருக்கிறது. முகம் உப்பி, கண் பாதி மூடிக் கிடக்கிறது. எடுத்து வைத்த காலடியில் ஒரு ஈஸ்டர் முட்டை நசுங்கிப் போயிருக்கிறது. சிவப்புச் சாயம் தோய்த்து, ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற முட்டை அது. அவருக்கு அது தெரியவில்லை. தெரிகிற நிலையில் அவர் இல்லை.

திண்ணையிலேயே கோயில்பிள்ளை, அதாவது பாதிரியாரின் உதவியாள், சரிந்து கிடக்கிறான். போதையில் சாய்ந்த ஒருவன் தலையில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றித் தெளியவைக்கப் பார்க்கிறாள். திண்ணைக்கு அடியில் இருட்டில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆள் யாரென்று தெரியாது. அவனுக்குப் பவனி எப்போதோ முடிந்துவிட்டது.

நடுவில், நம்மைப் பார்த்து வருகிற பெண்ணின் கையில் ஒரு ஐகான். ஐகான் என்றால் புனிதர்களின் உருவம் தீட்டிய பலகை. ரஷ்ய வீட்டில் மூலையில் உயரத்தில் வைத்து விளக்கேற்றுவார்கள், கோயிலிலிருந்து பவனியாகவும் எடுத்து வருவார்கள். அவள் பாடிக்கொண்டே வருகிறாள். அந்த ஐகானில் முகம் தேய்ந்து அழிந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் கந்தல் உடுத்திய கிழவர், அவர் கையிலும் ஓர் ஐகான். மீட்பரின் உருவம், தலைகீழாக.

கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. இடப்பக்கம் இலையில்லாத கோணல் மரம். தூரத்தில் மேட்டின்மேல் கோயில், அந்தப் பக்கம் மங்கலாக ஓர் ஆள்வரிசை. வானம் சாம்பல் நிறம், அடிவானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். விடிகிறதா, இருட்டுகிறதா? பார்த்தவர்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். காலையிலிருந்து எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்று எண்ணத் தோன்றுவதால் எனக்கு அது பொழுது சாய்கிற நேரமாகவே படுகிறது.

ஓவியமாக ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சாட்சிகள் கொஞ்சம் அதிகம். நசுங்கிய முட்டை, கவிழ்ந்த ஐகான், திண்ணைக்கடிக் கால்கள் என்று பெரோவ் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார், வாதம் தோற்றுவிடுமோ என்று பயந்த இளம் வக்கீல் மாதிரி. இரண்டைக் குறைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. தலைகீழ் ஐகான் கேலிச்சித்திரத்தின் எல்லையைத் தொடுகிறது. ஆனால் முகம் தேய்ந்த ஐகான் வேறு ரகம். அது யாருடைய குடியாலும் வந்த கேடு இல்லை. வருஷக்கணக்காக முத்தமிட்டும் துடைத்தும் தேய்ந்தது. புதிதாக ஒன்று வாங்க அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த ஊர்வட்டத்தில், காசு இருந்திருக்காது.

வக்கீல் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரோவ் பிறந்தது சைபீரியாவில், தபோல்ஸ்க் நகரத்தில். அப்பா பாரன் கிரீடெனெர் அந்த மாகாணத்தின் அரசு வழக்கறிஞர். பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிறந்துவிட்டதால் அப்பாவின் பெயரும் பட்டமும் மகனுக்குக் கிடைக்கவில்லை. ‘பெரோ’ என்றால் ரஷ்ய மொழியில் இறகு, எழுதுகோல். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், பையனின் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பெரோவ் என்று செல்லப்பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது.

வீடு மந்திரிக்க வந்தவர்கள்

இந்தப் பவனி என்ன பவனி என்பதுதான் நம்மில் பலருக்குப் பிடிபடாத இடம். ஊரே கூடிக் கோயிலைச் சுற்றுகிற ஈஸ்டர் இரவுப் பவனி இல்லை இது. அது முடிந்த பிறகு வருகிற ஒரு வாரத்தில், பாதிரியாரும் கோயில் ஊழியர்களும் சிலுவையும் ஐகானும் எடுத்துக்கொண்டு பங்கில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். வீட்டுக்குள் ஒரு சின்ன ஜெபம், வாழ்த்துப் பாட்டு, ஆசீர்வாதம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ‘வீடு மந்திரிப்பு’ என்று சொல்வதற்கு ரொம்பத் தூரமில்லை. ஐகான்களைத் தூக்கி வருகிறவர்கள் ஊர்க்காரர்களே. நேர்ந்துகொண்டு அந்த வாரம் முழுக்கச் சுமப்பார்கள். படத்தில் வருகிற பெண்ணும் கிழவரும் அந்தச் சுமக்கிறவர்கள்தாம்.

ஜெபம் முடிந்ததும் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். சில கோபெக் காசு, முட்டை, ரொட்டி. கொடுத்துவிட்டு ஒரு குவளை வோட்காவும் நீட்டுவார். இங்கேதான் சிக்கல். முதல் வீட்டில் வாங்கிக் குடித்தவர் இரண்டாவது வீட்டில் வேண்டாமென்றால், ‘அவன் வீட்டில் இறங்கின சரக்கு என் வீட்டில் இறங்காதோ’ என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். பண்டிகை நாளில் உபசாரத்தை மறுப்பது அவமானப்படுத்துவது. நாற்பது வீடு என்றால் நாற்பது குவளை. ஒவ்வொரு வீட்டிலும் பாதியைக் குடித்து மீதியை வைத்தாலும் இருபது. கூட வருகிற கோயில்பிள்ளைக்கும் சுமக்கிறவர்களுக்கும் அதே கணக்கு.

சரி, அவமானமானால் ஆகட்டும் என்று பாதிரியார் விட்டுவிடக்கூடாதா? முடியாது. அவர் பிழைப்பே அந்த வீட்டுக்காரர்கள் கையில் இருந்தது. அன்றைய ரஷ்யாவில் கிராமத்துப் பங்குப் பாதிரியாருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. 1840களில் மேற்கு மாகாணங்களில் தொடங்கி அரசு கொஞ்சம் கொடுத்துப் பார்த்தது. அது எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை, சேர்ந்த இடத்திலும் போதவில்லை. மற்றபடி வருமானத்துக்கு இரண்டு வழி. ஒன்று, கோயில் நிலம். சட்டப்படி ஒரு பங்குக்கு 33 தெசியாத்தீனா, ஏறக்குறைய 36 ஹெக்டேர். கேட்க நிறையத் தெரிந்தாலும் அதைப் பாதிரியாரும் கோயில்பிள்ளையும் மற்ற ஊழியர்களும் பங்கிட்டு, தாங்களே உழுது பயிரிட வேண்டும். ஆள் வைக்கக் காசு இருக்காது. ஊர்க்காரர்களைக் கூட்டி ஒருநாள் வேலை வாங்கலாம். வந்தவர்களுக்குச் சாப்பாடும் வோட்காவும் ஊற்ற வேண்டும். ஆக, அங்கேயும் புட்டி.

இரண்டாவது வழி, சடங்குக் காணிக்கை. ஞானஸ்நானத்துக்கு இவ்வளவு, கல்யாணத்துக்கு இவ்வளவு, அடக்கத்துக்கு இவ்வளவு. ‘பிற, ஞானஸ்நானம் வாங்கு, கல்யாணம் பண்ணு, செத்துப்போ, எல்லாவற்றுக்கும் பாதிரிக்குப் பணம் கொடு’ என்று ரஷ்யக் குடியானவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. உயிரோடிருப்பவனிடமும் பிடுங்குவார், பிணத்திடமும் பிடுங்குவார் என்று இன்னொன்று. வழியில் பாதிரியார் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்கிற நம்பிக்கையும் இருந்தது. கொடுக்கிறவனுக்குக் கசப்பு, வாங்குகிறவனுக்குக் கூச்சம். இரண்டும் ஆண்டுக்கொருமுறை நேருக்கு நேர் சந்திக்கிற இடம் ஈஸ்டர் வாரத்து வாசல் திண்ணை.

பாதிரியார் வேறு தொழிலுக்கும் போக முடியாது. 1860களின் கடைசியில் சட்டம் மாறும்வரை ரஷ்யாவில் குருத்துவம் ஒரு மூடிய வகுப்பு. பாதிரியார் மகன் குருமடத்தில் படித்து, இன்னொரு பாதிரியாரின் மகளைக் கட்டி, பாதிரியாராகவே ஆக வேண்டும். ரஷ்ய மரபில் பங்குப் பாதிரியார்கள் குடும்பஸ்தர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. திண்ணையில் தள்ளாடும் அந்த மனிதருக்கு அநேகமாக வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் காத்திருக்கும். சேர்த்த முட்டையும் ரொட்டியும் அவர்களுக்குத்தான்.

இதெல்லாம் பெரோவைக் காப்பாற்ற நான் கட்டிய கதை இல்லை. படத்துக்கு மூன்று வருஷம் முன்பே இதை எழுத்தில் போட்டு உடைத்தவர் ஒரு பாதிரியார். இவான் பெல்யூஸ்தின், த்வேர் மாகாணத்துக் கல்யாசின் ஊர்க்காரர். கிராமத்துக் குருமார் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியது 1858இல் ஆசிரியர் பெயர் போடாமல் வெளிநாட்டில் அச்சானது. குருமடத்துச் சீரழிவு, ஆயர் அலுவலகத்து லஞ்சம், நிலத்தோடு மாரடிப்பு, பண்டிகை வசூல், அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற குடி, எல்லாம் அதில் இருந்தன. யார் எழுதியது என்பது சீக்கிரமே கசிந்தது. திருச்சபையின் தலைமைக் குழுவான சினட், அவரை வெள்ளைக் கடலில் இருக்கிற சொலொவெத்ஸ்கி மடத்துக்கு நாடு கடத்தவே பார்த்தது. ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குறுக்கே வந்து தடுத்துவிட்டார். அந்த மடத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

வோட்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் பழக்கம் இல்லை, அரசாங்கத்தின் வருமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யக் கஜானாவுக்கு வந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சாராயத்திலிருந்து வந்தது. விற்கும் உரிமையைக் குத்தகைக்காரர்கள் ஏலத்தில் எடுத்தார்கள், தண்ணீர் கலந்து கூடுதல் விலைக்கு விற்றார்கள். பொறுக்க முடியாமல் 1858–59இல் பல மாகாணங்களில் ஊர் ஊராகக் குடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். 1859இல் அது முற்றிச் சாராயக் கடைகளை உடைக்கிற கலவரமாகிவிட, பட்டாளத்தை அனுப்பி அடக்கினார்கள். குடிக்க மாட்டேன் என்பவர்கள்மேல் பட்டாளத்தை ஏவிய அரசாங்கம் அது. குத்தகை முறை 1863 ஜனவரி 1 முதல்தான் ஒழிந்தது.

அதே 1861இல்தான் பண்ணையடிமை முறையும் ஒழிந்தது. பிப்ரவரி 19 அன்று ஜார் கையெழுத்துப் போட்டார். ஆனால் இரண்டு வாரம் தாமதித்து மார்ச் 5 அன்றுதான் தலைநகரத்தில் அறிவித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முந்தின வாரம் குடியும் கொண்டாட்டமுமாக இருக்கும். அந்த நேரத்தில் விடுதலைச் செய்தி போனால் என்ன ஆகுமோ என்று பயம். தவக்காலத்தின் தெளிந்த நாட்களில் கிராமங்களில் அந்த அறிக்கையைக் கோயிலில் நின்று உரக்க வாசித்தவர்கள் யார்? இதே பங்குப் பாதிரியார்கள். அந்த வருஷம் ஈஸ்டர், பழைய நாள்காட்டிப்படி ஏப்ரல் 23. அறிக்கை வாசித்து ஒரு மாதம் போல ஆனதும், சிலுவையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காணிக்கைக்குப் போயிருப்பார்கள். பெரோவ் அந்தக் குறிப்பிட்ட ஈஸ்டரைத்தான் வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வருஷத்தில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, அரசாங்கத்தின் குரலாக ஊரில் இருந்தவர் இந்த நிலையில்தான் இருக்கிறார் என்பது தைக்காமல் இருந்திருக்காது.

பரிசு வாங்கின படம், வாங்காத படம்

பெரோவ் படித்தது மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில். பெரிய பதக்கங்களைக் கொடுப்பது பீட்டர்ஸ்பர்கில் இருந்த பேரரசுக் கலைக்கழகம். அங்கே விவிலியக் காட்சி, ரோமானிய வரலாறு, போர்க்களம் எல்லாம் முதல் வரிசை. கிராமத்து வாழ்க்கைக் காட்சிகள் கொஞ்சம் தள்ளித்தான். அதற்கு முன்னும் குடியானவர்களை வரையாமல் இல்லை. வெனெத்சியானொவ் வரைந்தார். அவருடைய குடியானவப் பெண்கள் சுத்தமான உடையில், அமைதியான வெயிலில், சிலை மாதிரி நிற்பார்கள். சேறு கிடையாது.

பெரோவுக்கு முதலிலிருந்தே சேறுதான். 1857இல் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படமே, விசாரணைக்காகக் கிராமத்துக்கு வந்த போலீஸ் அதிகாரியும் கை கட்டப்பட்டு அவர் முன் நிற்கும் இளைஞனும்தான். 1860இல் சிறிய தங்கப் பதக்கம். அடுத்தது பெரிய தங்கப் பதக்கம். அதோடு அரசு செலவில் வெளிநாட்டுப் பயணமும் வரும். அதற்காக ஈஸ்டர் பவனியின் முன்வரைவைக் கலைக்கழகத்துக்கு அனுப்பினார். குருமாரைக் கண்ணியமில்லாமல் காட்டியிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.

அப்புறம் அவர் செய்ததுதான் சுவாரசியம். ‘கிராமத்தில் பிரசங்கம்’ என்று வேறொரு படம் வரைந்து அனுப்பினார். கோயிலுக்குள் பாதிரியார் பிரசங்கம் செய்கிறார். முன்வரிசை நாற்காலியில் பண்ணையார் தூங்குகிறார். பக்கத்தில் அவருடைய இளம் மனைவி வேறொருவனோடு குசுகுசுக்கிறாள். குடியானவர்கள் பின்னால் நின்று கேட்கிறார்கள். 1861இல் இதற்குப் பெரிய தங்கப் பதக்கம் கிடைத்தது. பண்ணையாரைக் கேலி செய்யலாம். அந்த வருஷம் பண்ணையாருக்கு மவுசு குறைந்திருந்தது. பாதிரியார் கை தூக்கி நிமிர்ந்து நின்றால் போதும். அவர் திண்ணையிலிருந்து இறங்கும்போது மட்டும் வரையக்கூடாது.

பதக்கம் கைக்கு வந்த பிறகும் பெரோவ் திருப்பியனுப்பிய படத்தை விடவில்லை. அதையும் வரைந்து முடித்தார்.

நெவ்ஸ்கி வீதியில்

1862இல் அது பீட்டர்ஸ்பர்க் நெவ்ஸ்கி வீதியில், கலைஞர்களை ஊக்குவிக்கும் சங்கத்தின் நிரந்தரக் கண்காட்சியில் மாட்டப்பட்டது. ரொம்ப நாள் தங்கவில்லை, எடுத்துவிட்டார்கள். படத்தை அச்சில் வெளியிடவும் தடை வந்தது. அதற்குள் மாஸ்கோ ஜவுளி வணிகர் பாவெல் திரெத்யாகோவ் அதை வாங்கியிருந்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. படம் சேர்க்கத் தொடங்கி ஆறு வருஷம். கோயில் குளம் என்று ஒழுங்காகப் போகிற பக்தியுள்ள மனிதர். படத்தில் மதவிரோதம் இருப்பதாக நினைத்திருந்தால் அவர் காசு கொடுத்திருப்பாரா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்த ஏப்ரலில் ஓவியர் வசீலி ஹுத்யாகொவ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒழுக்கக்கேடான இப்படிப்பட்ட படங்களை எந்த அடிப்படையில் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டுகிறீர்கள் என்று சினட் சீக்கிரமே உங்களைக் கேட்கப்போகிறதாக ஊரில் பேச்சு. கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டாலும் படம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பிவிட்டது. பெரோவ் இத்தாலிக்குப் போவதற்குப் பதிலாகச் சொலொவெத்ஸ்கி போய்ச் சேரப்போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். சாரம் இதுதான். பாதி எச்சரிக்கை, பாதி வம்பு. கடிதத்தில் படத்தின் பெயர்கூட ஒழுங்காக இல்லை, ‘பாதிரிகள்’ என்றே இருக்கிறது. பார்த்தவர்கள் கண்ணில் நின்றது எது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. சேறு, கந்தல் கிழவர், தேய்ந்த ஐகான், பாடுகிற பெண் எல்லாவற்றையும் தாண்டிக் கண் நேரே தூணைப் பிடித்து நிற்பவரிடம் போய்விட்டது.

ஆனால் அதே 1862இல் வேறொரு காரியமும் நடந்தது. ஆர்த்தடாக்ஸ் குருமாரின் நிலைமையை ஆராயவும் அவர்களுக்குப் பிழைப்பு வழி கண்டுபிடிக்கவும் அரசாங்கமே உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. நெவ்ஸ்கி வீதியில் காட்டக்கூடாத விஷயம், குழு மேசையில் கோப்பாகக் கிடந்தது. குழு வருஷக்கணக்கில் உட்கார்ந்தது. வகுப்பு வேலியை எடுத்தது, பங்குகளை ஒன்றாக இணைத்தது. கிராமத்துப் பாதிரியாருக்குப் பரவலாக அரசுச் சம்பளம் என்பது மட்டும் 1890கள் வரை கைகூடவில்லை. அதுவரை வீடு மந்திரிப்பும் குவளையும் அப்படியேதான்.

எப்படி வாசிப்பது

படத்தை மூன்று விதமாக வாசித்திருக்கிறார்கள். அன்றைய சினட் தரப்புக்கு இது குருமார்மேல் சேறு வாரி வீசிய வேலை. சோவியத் காலத்துக்கு இது மதத்தின் முகமூடியைக் கிழித்த படம். புத்தகங்களில் தாராளமாக அச்சிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள், ஒரு பக்கம் கோபத்தோடும் மறுபக்கம் குஷியோடும். மூன்றாவது, இது ரஷ்யக் கிராமத்தின் பொதுவான அவல நிலை என்கிற வாசிப்பு. அது தப்பில்லை, ஆனால் எதற்கும் பொருந்துகிற சட்டை.

எனக்கு ஒத்துவருவது படத்துக்குள்ளேயே இருக்கிற திசை. இந்த வீட்டில் முடிந்தது, அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் உட்கார்ந்து குடித்துக் கும்மாளம் போடவில்லை. விழுந்தவர்கள் விழுந்து கிடக்க, நிற்க முடிந்தவர்கள் சேற்றில் கால் வைத்து நடக்கிறார்கள். பாட்டு நிற்கவில்லை. கொண்டாட்டத்தில் யாராவது சிரிப்பார்கள், இங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இது ஒரு வேலைநாள். இந்த வாரத்து வசூல் குறைந்தால் வருஷம் முழுக்க இடிக்கும், அதனால் போய்த்தான் ஆக வேண்டும்.

பெரோவ் குருமாரைச் சும்மா விட்டவர் இல்லை என்பதும் உண்மைதான். அடுத்த வருஷமே மாஸ்கோவுக்குப் பக்கத்து மித்திஷியில் மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் உறிஞ்சும் கொழுத்த துறவியை வரைந்தார். எதிரே கால் இழந்த பட்டாளத்துக்காரர், மார்பில் பதக்கத்தோடு, கை நீட்டி நிற்கிறார். அந்தத் துறவியிடம் பெரோவுக்குத் துளி இரக்கம் கிடையாது. அவர் பட்டுபோல் மினுங்குகிறார், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார் பாத்திரம் மினுங்குகிறது. ஈஸ்டர் பாதிரியாரிடம் அந்த மினுக்கம் இல்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரோவ் யார்மேல் கோபப்பட்டார், யாரைக் கொஞ்சம் தயக்கத்தோடு பார்த்தார் என்பது தெரியும். மடத்துத் துறவிக்கு மடம் சோறு போடும். பங்குப் பாதிரியாருக்குத் திண்ணைதான்.

ஹுத்யாகொவ் சொன்ன இரண்டு ஊருக்கும் பெரோவ் போகவில்லை. சொலொவெத்ஸ்கியும் இல்லை, இத்தாலியும் இல்லை. பதக்கத்தின் பயணப் பணத்தில் பாரிஸ் போனார். தெருப் பாடகர்களையும் கந்தல் பொறுக்குகிறவர்களையும் வரைந்து பார்த்தார், கை ஓடவில்லை. இந்த ஊர் மக்களும் அவர்கள் வாழ்க்கையும் எனக்குத் தெரியவில்லை, எடுத்த வேலை எதையும் முடிக்க முடியவில்லை, நம் நாட்டிலேயே எடுக்க எடுக்கத் தீராத விஷயங்கள் கிடக்கின்றன, காலத்துக்கு முன்பே திரும்பிவர அனுமதியுங்கள் என்கிற கருத்தில் கலைக்கழகத்துக்கு எழுதினார். அனுமதி கிடைத்து 1864இல் திரும்பினார்.

மறுவருஷம் வரைந்தது ‘பிணத்தை வழியனுப்புதல்’. ஈஸ்டர் பவனியைவிடவும் சின்னப் படம், 45க்கு 57 சென்டிமீட்டர். பனியில் ஒரு குதிரை, அது இழுக்கிற சறுக்குவண்டி, வண்டியில் சவப்பெட்டி, அதன் இரு பக்கமும் இரண்டு குழந்தைகள். முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தாய்தான் வண்டி ஓட்டுகிறாள். பக்கத்தில் வீட்டு நாய் கூடவே போகிறது. பாதிரியாரைக் காணோம்.